லண்டன் வகுப்பில் ஜப்பான் வாத்தியார்

1900-ம் ஆண்டு நவம்பர் மாதம். லண்டன் நகரில் குளிர் தொடங்கிவிட்டது.

நகரின் நடுவில் கோவர் தெரு என்று ஒரு தெரு. அங்கே "யூனிவர்சிட்டி காலேஜ்" என்ற பெரிய கல்லூரி. அந்தக் கல்லூரியில் ஆங்கில இலக்கிய வகுப்பு நடந்துகொண்டு இருந்தது. பாடம் சொன்னவர், டபிள்யூ. பி. கெர் என்ற பேராசிரியர். ஐரோப்பாவின் பழைய காவியங்களைக் கரைத்துக் குடித்தவர்.

அந்த வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

வயது 33. குள்ளமான உடல். அடர்ந்த மீசை. முகத்தில் அம்மைத் தழும்பு.

அவர் ஒரு ஜப்பான்காரர். மாணவரைப் போல வந்து உட்கார்ந்தாரே தவிர, அவர் மாணவர் அல்ல. வாத்தியார்! ஜப்பானில் குமமோட்டோ என்ற ஊரில், கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். மனைவியையும் பெண் குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறி வந்தவர்.

அவருடைய பெயர் நத்சுமே கின்னோசுகே. பிற்காலத்தில் "சோசெகி" என்ற புனைபெயரில் புகழ் பெற்றார். சோசெகி என்றால் இன்று ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த நாட்டின் மிகப்பெரிய நாவல் ஆசிரியர்களில் ஒருவர். 1984-ம் ஆண்டு முதல் 20 ஆண்டுகள், ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டில் அவருடைய படம்தான் அச்சிடப்பட்டது.

அப்பேர்ப்பட்டவர், அந்த வகுப்பில் எத்தனை நாள் இருந்தார்?

இரண்டே மாதம்! பிறகு போவதை நிறுத்திவிட்டார்.

பணச்செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அவர் மனதில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவருக்கே ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

கூடையில் குழந்தை

சோசெகி 1867-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி பிறந்தார். ஊர், எடோ. அதற்கு மறு ஆண்டுதான் எடோவுக்கு "டோக்கியோ" என்று பெயர் மாறியது.

வீட்டில் ஏற்கனவே பல குழந்தைகள். தாய்க்கு வயது நாற்பதுக்கு மேல். "இந்த வயதில் ஒரு பிள்ளையா!" என்று அந்த அம்மாள் வெட்கப்பட்டாளாம். கைக்குழந்தையைப் பழைய சாமான் விற்கும் ஒரு தம்பதியிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தம்பதி இரவு நேரத்தில் தெருவோரம் கடை போடுவார்கள். சட்டி பானைகளோடு சேர்த்து, குழந்தையையும் ஒரு கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். ஒரு நாள் அந்த வழியாகப் போன அக்காள் பார்த்தாள். மனம் பொறுக்கவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆனாலும் வீட்டில் நிலைக்கவில்லை. மறுபடியும் வேறு ஒரு குடும்பத்துக்குச் சுவீகாரம் போனான், பையன். ஒன்பது வயதில்தான் பெற்றோரிடம் திரும்பி வந்தான். அப்போதுகூட அவர்களைத் "தாத்தா, பாட்டி" என்றே நினைத்துக்கொண்டு இருந்தான். பெற்றவர்களும் திருத்தவில்லை! ஓர் இரவு, வேலைக்காரப் பெண் அவன் காதோடு காதாக உண்மையைச் சொன்னாள்.

பிறந்த வீட்டிலேயே விருந்தாளியாக வளர்ந்த பிள்ளை அவர். லண்டனில் அவர் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள, இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேர்வில் கேட்ட கேள்விகள்

சிறு வயதில் சோசெகிக்குச் சீன மொழியின் பழைய நூல்கள் என்றால் உயிர். ஆனால் காலம் மாறிவிட்டது. ஜப்பான் தன் கதவை உலகத்துக்குத் திறந்து விட்டிருந்தது. ஆங்கிலம் தெரிந்தால்தான் முன்னேறலாம் என்ற நிலை. "இலக்கியம் எங்கேயும் இலக்கியம்தானே? சீன நூல்களைப் போலத்தான் ஆங்கில நூல்களும் இருக்கும்" என்று எண்ணி, 1890-ம் ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தார்.

அவருக்கு முன் அந்தப் பிரிவில் பட்டம் வாங்கியவர் ஒரே ஒருவர். இவர் இரண்டாவது ஆள்!

பாடம் நடத்தியவர் டிக்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கவிதையைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்வார். உச்சரிப்புத் தவறினால் திட்டுவார். கட்டுரை எழுதச் சொல்வார். "எ" எங்கே, "தி" எங்கே என்று பிழை பிடிப்பார்.

தேர்வில் வந்த கேள்விகள் எப்படிப்பட்டவை தெரியுமா?

கவிஞர் வோர்ட்ஸ்வொர்த் எந்த ஆண்டு பிறந்தார், எந்த ஆண்டு இறந்தார்? ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பழைய பதிப்புகள் எத்தனை வகை? ஸ்காட் எழுதிய நூல்களை ஆண்டு வரிசைப்படி எழுதுக!

இவை எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார். 1893-ம் ஆண்டு பட்டமும் வாங்கிவிட்டார். ஆனால், "இலக்கியம் என்றால் என்ன?" என்ற கேள்விக்கு மட்டும் மூன்று ஆண்டு படித்தும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. எதிலோ ஏமாந்துவிட்டது போன்ற எண்ணம் மனதில் தங்கிவிட்டது.

அந்த எண்ணத்தோடு ஊர் ஊராகப் போய் ஆங்கிலம் கற்பித்தார்.

"சீமைக்குப் போ!"

1900-ம் ஆண்டு கல்வி இலாகாவில் இருந்து உத்தரவு வந்தது. இங்கிலாந்துக்குப் போய் இரண்டு ஆண்டு ஆங்கில மொழி படிக்கவேண்டும்!

இவருக்குப் படிக்க ஆசை இலக்கியத்தை. உத்தரவில் இருப்பதோ மொழி. இலாகா அதிகாரியைப் போய்ப் பார்த்துச் சந்தேகம் கேட்டார். "அவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியது இல்லை" என்று பதில் வந்தது.

செலவுக்கு ஆண்டுக்கு 1,800 யென். ஊரில் இருந்த மனைவிக்கு ஆண்டுக்கு 300 யென். இரண்டுமே போதாது.

செப்டம்பர் 8-ந் தேதி யோக்கஹாமாவில் ஒரு ஜெர்மன் கப்பலில் புறப்பட்டார். ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு வழியாகக் கப்பல் கொழும்புக்கு வந்தது. அங்கே கரையில் இறங்கி, ஓர் ஓட்டலில் சோறும் கறியும் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்! நாட்குறிப்பில் அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

அக்டோபர் 28-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார்.

முதலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைப் போய்ப் பார்த்தார். அங்கே பணக்காரப் பிள்ளைகள் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் வகுப்புக்குப் போனார்கள். பிற்பகலில் விளையாட்டு. பிறகு தேநீர். இரவில் விருந்து. ஆண்டுக்கு 400, 500 பவுன் செலவு செய்யும் மாணவர்கள்! சோசெகிக்குக் கிடைத்த பணமோ சுமார் 180 பவுன்தான். அவர்களோடு பழகவும் முடியாது; பழகாமல் அங்கே இருந்தும் பயன் இல்லை.

லண்டனுக்கே திரும்பினார். அப்போதுதான் கோவர் தெருக் கல்லூரிக்குப் போகத் தொடங்கினார்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக வைத்துப் படிப்பது என்பது, அன்று இங்கிலாந்திலேயே முழுதாக நிலைபெறவில்லை! ஆக்ஸ்போர்டில் அதற்குத் தனிப் பட்டப்படிப்பு 1894-ம் ஆண்டுதான் வந்தது. கேம்பிரிட்ஜில் 1917-ம் ஆண்டு! "கிரேக்கம், லத்தீன் படிப்பதுதான் படிப்பு. ஆங்கிலக் கதையும் கவிதையும் ஒரு படிப்பா?" என்பது பெரியவர்களின் எண்ணம். கோவர் தெருக் கல்லூரி ஒன்றுதான் 1828-ம் ஆண்டிலேயே ஆங்கிலத்துக்கு ஒரு பேராசிரியரை வைத்தது. ஆகவே சோசெகி போன இடம் சரியான இடம்தான்.

கண்ணாடியில் கண்ட ஆள்

இடம் சரியானது. ஆனால் மனம் ஒட்டவில்லை.

அவர் குடியிருந்த வீடு தூரம். வகுப்புக்கு வந்துபோக ரெயில் செலவு. நேரமும் பாழ். பேராசிரியர் சொன்ன பாடம், ஜப்பானில் கேட்ட பாடத்தைவிட அப்படி ஒன்றும் உயர்வாக அவருக்குத் தெரியவில்லை. "இந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கினால் ஊருக்குக் கொண்டுபோகலாமே" என்று கணக்குப் போட்டார்.

வகுப்புக்கு வெளியே இருந்த தொல்லைகள் வேறு.

இவர் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவர். ஷேக்ஸ்பியரைப் படித்தவர். அவரிடம் வீட்டுக்கார அம்மாள், "ஸ்ட்ரா என்றால் என்ன தெரியுமா? டன்னல் என்றால் தெரியுமா?" என்று கேட்டாளாம்! "ஸ்ட்ரா" என்றால் வைக்கோல். "டன்னல்" என்றால் சுரங்கப்பாதை. நம் ஊரில் தமிழ் வித்துவானிடம் போய், "ஐயா, குடம் என்றால் தெரியுமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்!

அந்த வீட்டில் ஒரு வேலைக்காரி இருந்தாள். அவள் பேசுவது லண்டன் சேரிப் பேச்சு. இயந்திரம் போல வேகமாகப் பேசுவாள். ஒரு சொல்கூட இவருக்குப் புரியாது. "பெக் பார்டன்" என்பதை அவள் "பெட்ஜ் பார்டன்" என்று சொல்வாள். மன்னிக்க வேண்டும் என்பது அதன் பொருள். அதையே அவளுக்குப் பட்டப்பெயராக வைத்து, ஊரில் இருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். அந்த நண்பர், படுத்த படுக்கையாகக் கிடந்த மசவோக்கா ஷிக்கி என்ற கவிஞர். அவரைச் சிரிக்க வைக்கத்தான் இத்தனை கதையும்.

ஒரு நாள் தெருவில் நடந்துகொண்டு இருந்தார். எதிரே குள்ளமாக, விசித்திரமான தோற்றத்தில் ஒருவன் வருவது தெரிந்தது. "யார் இந்த ஆள்?" என்று உற்றுப் பார்த்தார். அது கண்ணாடி! வந்தவன் அவரேதான்!

1901-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி விக்டோரியா மகாராணி இறந்தார். பிப்ரவரி 2-ந் தேதி ஊர்வலம். பூங்காவில் கூட்டம் கட்டுக்கு அடங்கவில்லை. உயரமான ஆங்கிலேயர்களுக்குப் பின்னால் நின்ற சோசெகிக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட வந்த வீட்டுக்காரர், இவரைக் குழந்தையைப் போலத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். கல்லூரி ஆசிரியர் ஒருவர், இன்னொருவர் தோளில் உட்கார்ந்து ராஜ ஊர்வலம் பார்த்தார்!

வீட்டுக்காரர் அன்பாகத்தான் செய்தார். அதை மறுக்க முடியாது. ஆனால் லண்டனில் இருந்த காலம் முழுவதும், எண்ணெயில் விழுந்த தண்ணீர்த் துளி போல ஒட்டாமல் இருந்ததாகவே சோசெகி பிற்காலத்தில் எழுதினார்.

மறதிக்கார வாத்தியார்

வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியாரைப் பிடித்தார். பேராசிரியர் கெர்தான் ஆள் சொல்லி அனுப்பினார்.

அந்த வாத்தியாரின் பெயர் வில்லியம் கிரெய்க். அயர்லாந்துக்காரர். ஷேக்ஸ்பியர் நூல்களைப் பதிப்பித்தவர். வேல்ஸ் நாட்டில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். நாள்தோறும் லண்டன் பொருட்காட்சிசாலை நூலகத்துக்குப் போய்ப் படிக்கவேண்டும் என்ற ஆசையால் அந்த வேலையை உதறிவிட்டு வந்தவர்!

பேக்கர் தெருவுக்குப் பக்கத்தில், மாடிக்கு மேல் மாடி ஏறிப் போனால் அவர் வீடு. வாரத்துக்கு ஒரு நாள் பாடம். கதவைத் தட்டினால் ஜேன் என்ற கிழவி திறப்பாள். எப்போது திறந்தாலும் ஏதோ அதிசயத்தைக் கண்டவள் போல விழிப்பாள்.

கிரெய்க்குக்குத் தன் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தனக்கே தெரியாது. "ஜேன்! ஜேன்!" என்று கூப்பாடு போடுவார். கிழவி வந்து, நேராகப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பாள்.

பாடத்துக்கு வரிசை, முறை எதுவும் கிடையாது. எதையோ தொடங்கி எங்கேயோ போவார். அவர் பேசும் அயர்லாந்து உச்சரிப்பு சோசெகிக்குப் புரியாது. வாத்தியாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பாதி நாள் பாடம் அப்படித்தான் நடந்தது.

சம்பளம் மாதக் கடைசியில் கொடுப்பது என்று ஏற்பாடு. ஆனால் இடையிலேயே, "அவசரமாகப் பணம் வேண்டியிருக்கிறது" என்று கேட்பார். எல்லாம் புத்தகம் வாங்கத்தான். இவர் பவுனை எடுத்துக் கொடுத்தால், மீதிச் சில்லறை வராது. மீதியை அடுத்த மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று சோசெகி நினைத்தால், அடுத்த வாரமே மறுபடியும் கேட்பார்!

ஒரு முறை சோசெகி ஒரு கட்டுரை எழுதி, திருத்திக் கொடுக்கும்படி கேட்டார். "அதற்குத் தனிக் கட்டணம்" என்றார், கிரெய்க். சோசெகிக்குக் கோபம் வந்துவிட்டது. "இவன் அற்பன்" என்ற கருத்தில் நாட்குறிப்பில் எழுதிவிட்டார்.

ஆனால் அதே கிரெய்க் செய்த ஒரு காரியம் உண்டு.

ஒரு நாள் ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினார். கீழே கூட்டம் கூட்டமாக மக்கள் போய்க்கொண்டு இருந்தார்கள். "இவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூடக் கவிதை புரியாது. ஆங்கிலேயர்களுக்குக் கவிதையே தெரியாது. கவிதையைச் சுவைக்கத் தெரிந்த நீயும் நானும் பாக்கியசாலிகள்" என்ற பொருளில் பேசினார்.

அயர்லாந்துக்காரர் ஒருவர், ஜப்பான்காரர் ஒருவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார்! கல்லூரி வகுப்பில் கிடைக்காத இடம், அந்த மாடி வீட்டில் கிடைத்தது. சோசெகி கடைசிவரை இதை மறக்கவில்லை.

சுமார் ஓர் ஆண்டு அங்கே போனார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

யாருடைய நாக்கு?

அவர் மனதை அரித்த காரியம் இதுதான்.

ஓர் ஆங்கிலக் கவிதையைப் படிக்கிறார். ஆங்கில விமர்சகர் அதை, "மிக அருமை" என்று எழுதியிருக்கிறார். இவருக்கோ அது அருமையாகத் தோன்றவில்லை. என்ன செய்வது?

"அவர்கள் மொழி. அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டலாம். அவ்வளவு நாளும் அப்படித்தான் செய்தார். ஜப்பானில் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மேல்நாட்டு அறிஞர் ஒருவர் பெயரைச் சொன்னால் போதும். எல்லோரும் வாய் பிளப்பார்கள்.

ஆனால் அது, அடுத்தவன் ருசி பார்த்துவிட்டு, "உப்புச் சரியாக இருக்கிறது" என்று சொல்ல, அதைக் கேட்டு, சாப்பிடாமலே தலையாட்டுவது போன்றது அல்லவா?

"நான் ஜப்பான்காரன். எனக்குப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பிடித்தது போல நடிப்பது என் வேலை அல்ல." இந்த முடிவுக்கு அவர் வந்தார். வகுப்பில் மற்றவர்களைப் போல ஆகிவிடவேண்டும் என்று அதுவரை பட்ட பாடெல்லாம் தேவையற்றது என்று தெரிந்தது.

கேட்பதற்கு இது சின்ன விஷயம். ஆனால் அந்தக் காலத்தில், ஆசியாவில் இருந்து போன ஒரு மாணவர் இதைத் துணிந்து எண்ணியது சின்ன விஷயம் அல்ல.

இந்தத் துணிவு வருவதற்கு ஒரு நண்பரும் உதவினார். 1901-ம் ஆண்டு மே மாதம், இக்கேடா கிக்குனாயே என்ற ஜப்பானிய ரசாயன அறிஞர் ஜெர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்தார். சோசெகி இருந்த வீட்டிலேயே சில வாரம் தங்கினார். இருவரும் இரவெல்லாம் பேசினார்கள். விஞ்ஞானி எப்படி அடிப்படையில் இருந்து ஆராய்கிறாரோ, அப்படியே இலக்கியத்தையும் ஆராய்ந்தால் என்ன என்று சோசெகிக்குத் தோன்றியது.

இந்த இக்கேடாதான், 1908-ம் ஆண்டு, சமையலுக்குச் சுவை கூட்டும் உப்பைக் கண்டுபிடித்தவர். "அஜினோமோட்டோ" என்று கடைகளில் விற்கிறார்களே, அதுவேதான்!

பூட்டிய அறை

அதன் பிறகு சோசெகி கிளாப்பம் என்ற பகுதியில், ஒரு வீட்டின் மாடி அறைக்குக் குடிபோனார். கதைப் புத்தகங்களை எல்லாம் பெட்டிக்குள் போட்டார். மன நூல், சமூக நூல், தத்துவ நூல் என்று வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். "இலக்கியம் என்றால் என்ன?" என்ற பழைய கேள்விக்குத் தானே விடை கண்டுபிடிக்கப் போகிறார்!

மதியச் சாப்பாட்டுக்குப் பதில் பிஸ்கோத்து. மிச்சமாகும் காசுக்குப் புத்தகம். பொடி எழுத்தில் குறிப்பு எழுதி எழுதிக் குவித்தார். அடுக்கி வைத்தால் ஐந்தாறு அங்குல உயரம்!

அறையை விட்டு வெளியே வருவது இல்லை. யாரிடமும் பேச்சு இல்லை. சில சமயம் இருட்டில் உட்கார்ந்து அழுதார் என்றும் சொல்வார்கள். "நத்சுமேவுக்குப் புத்தி கலங்கிவிட்டது" என்ற செய்தி ஜப்பான் கல்வி இலாகா வரை போய்விட்டது.

மனம் தேறட்டும் என்று, வீட்டுக்கார அம்மாள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னாள். கற்றுக்கொண்டதைவிட விழுந்து எழுந்ததுதான் அதிகம். ஊருக்குத் திரும்பியதும் அதையே ஒரு வேடிக்கைக் கட்டுரையாக எழுதினார்.

1902-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் நண்பர் ஷிக்கி இறந்தார். இவர் எழுதும் லண்டன் கடிதங்களுக்காக ஏங்கிக் கிடந்த நண்பர்! கடைசிக் காலத்தில் இவரால் எழுத முடியாமல் போய்விட்டது.

டிசம்பர் 5-ந் தேதி சோசெகி லண்டனை விட்டுப் புறப்பட்டார்.

டோக்கியோவில் எதிர்ப்பு

1903-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய ஆசிரியராகச் சோசெகி சேர்ந்தார்.

அங்கே அவருக்கு முன் இருந்தவர் லப்காடியோ ஹெர்ன். தாய் கிரேக்க நாட்டுப் பெண். தந்தை அயர்லாந்துக்காரர். ஒரு கண் பார்வை இல்லாதவர். ஜப்பானுக்கு வந்து, ஜப்பானியப் பெண்ணை மணந்து, ஜப்பான் குடிமகனாகி, பெயரையும் "கொய்சுமி யாக்குமோ" என்று மாற்றிக்கொண்டவர். கவிதையை அவர் விளக்கினால் மாணவர்கள் மெய்மறந்து கேட்பார்கள். அவரைப் பல்கலைக்கழகம் விலக்கியதும், மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள்.

அந்த இடத்துக்கு வந்தவரை யார் வரவேற்பார்கள்? ஆங்கில வகுப்பில் சோசெகி மறுபடியும் அன்னியர் ஆனார். இந்தத் தடவை, சொந்த நாட்டிலேயே!

வந்ததும் வராததுமாக ஓர் ஆங்கில நாவலைக் கொடுத்து, வாசிக்கச் சொன்னார். உச்சரிப்பில் பிழை பிடித்தார். "நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பையன்களா?" என்று மாணவர்களுக்கு எரிச்சல். டிக்சன் தனக்குச் செய்ததையே இவரும் மாணவர்களுக்குச் செய்தார் என்றுதான் சொல்லவேண்டும்!

லண்டன் அறையில் எழுதிய குறிப்புகளை வைத்து அடுத்த பாடம் தொடங்கினார். "எந்த இலக்கியத்திலும் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று, மனதில் படியும் எண்ணம். மற்றொன்று, அதோடு ஒட்டி எழும் உணர்ச்சி" என்று கணக்குச் சூத்திரம் போலக் கரும்பலகையில் எழுதி விளக்கினார். "நிலா" என்றால் ஓர் எண்ணம். நிலாவைப் பார்த்ததும் பிறந்த ஊரை நினைத்து நெஞ்சு கனக்கிறதே, அது உணர்ச்சி. இரண்டும் சேர்ந்தால்தான் இலக்கியம். ஹெர்னின் இனிய பேச்சுக்குப் பழகிய மாணவர்களுக்கு, இது வறட்டுப் பாடமாகத் தெரிந்தது. 1907-ம் ஆண்டு இது "இலக்கியக் கொள்கை" என்ற பொருள்படும் நூலாக வெளிவந்தது. அது முழுமை அடையாத நூல் என்று சோசெகியே பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் அதே 1903-ம் ஆண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. ஷேக்ஸ்பியரின் "மாக்பெத்" நாடகத்தை எடுத்துப் பாடம் சொன்னார். வேறு பிரிவு மாணவர்களும் வந்து குவிந்தார்கள். பெரிய வகுப்பறை நிரம்பி வழிந்தது. அடுத்து "லியர் மன்னன்" நாடகம். அந்த நாடகத்தை 1901-ம் ஆண்டு பதிப்பித்தவர் வேறு யாரும் அல்ல. லண்டன் மாடி வீட்டுக் கிரெய்க்தான்!

1905-ம் ஆண்டு "நான் ஒரு பூனை" என்ற தொடர்கதையைச் சோசெகி ஒரு பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். பெயர்கூட இல்லாத ஒரு பூனை, தான் ஒண்டியிருக்கும் வீட்டையும், வீட்டுக்கார ஆங்கில வாத்தியாரையும் பார்த்துக் கேலி செய்கிற கதை. நாடே சிரித்தது. 1907-ம் ஆண்டு பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு "ஆசாகி" தினப்பத்திரிகையில் நாவல் எழுதும் வேலைக்குப் போனார். "பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கா!" என்று ஊர் வியந்தது. 1911-ம் ஆண்டு அரசாங்கம் "டாக்டர்" பட்டம் கொடுத்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

1914-ம் ஆண்டு நவம்பர் மாதம், உயர்குடிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு கல்லூரியில் பேசினார். தன்னுடைய லண்டன் கதையை ஒளிக்காமல் அவர்களிடம் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1916-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, 49-வது வயதில் காலமானார். அவர் வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் இப்போது செண்டாய் நகரில் தொகோக்கு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. கிளாப்பத்தில் அவர் அடைந்து கிடந்த வீட்டின் சுவரில், 2002-ம் ஆண்டு அவருடைய பெயர் பொறித்த நீல வட்டப் பலகை பதித்தார்கள்.

நீல நோட்டுகள்

மறதிக்கார வாத்தியார் கிரெய்க்கைப் பற்றிச் சோசெகி 1909-ம் ஆண்டு ஒரு சிறு சித்திரம் எழுதினார். "அற்பன்" என்று திட்டிய கோபம் அதில் இல்லை.

கிரெய்க் தம் வாழ்நாள் முழுவதும் ஷேக்ஸ்பியருக்கு ஓர் அகராதி தயாரித்துக்கொண்டு இருந்தார். நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்களில், நேரம் கிடைக்கும்போதெல்லாம் எழுதுவார். அதுதான் அவருடைய சொத்து. "ஏற்கனவே ஷ்மிட் என்ற ஜெர்மானியர் பெரிய அகராதி போட்டிருக்கிறாரே?" என்று சோசெகி ஒரு நாள் கேட்டுவிட்டார். கிரெய்க் எழுந்து போய், அந்த ஜெர்மன் அகராதியை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் கிரெய்க்கின் திருத்தங்கள்! அச்செழுத்தே தெரியாத அளவுக்குக் கறுத்துக் கிடந்தது.

ஜப்பானுக்குத் திரும்பிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு மூன்று வரிச் செய்தி ஒன்றைச் சோசெகி பார்த்தார். கிரெய்க் இறந்துவிட்டார்.

பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சோசெகி யோசித்தார். அந்த அகராதி முடியாமலே போயிற்றா? அந்த நீல நோட்டுகள் எல்லாம் பழைய காகிதத்தோடு போய்விட்டனவா?